ஃபிட்னஸ் ரிப்போர்ட் யார் யாரிடம் போனது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் 7-ஆம் வகுப்பு, தனியார் பள்ளி. வெளி கம்பெனி ஒன்று வந்து நடத்திய ஃபிட்னஸ் டெஸ்ட் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளின் பெயர், எடை, பிஎம்ஐயை (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து எடைக்குறைப்பு மையத்திலிருந்து எனக்கு போன்! பள்ளியில் கேட்டால், அட்மிஷன் ஃபார்மில் கையெழுத்துப் போட்டீர்களே என்கிறார்கள்."

முதலில் அந்த ஃபார்மின் ஜெராக்ஸை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் 'மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதம்' என்றுதான் இருக்கும். எடை பார்க்கச் சம்மதித்தது வேறு, பார்த்ததை வெளியே கொடுக்கச் சம்மதித்தது வேறு.

டெஸ்ட்டையே குறை சொல்ல முடியாது. மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தின் உடற்தகுதிச் சோதனையிலேயே பிஎம்ஐ, 600 மீட்டர் ஓட்டமெல்லாம் உண்டு. குரூப்பில் போட்டது அசட்டுத்தனம், அழிக்கச் சொல்லுங்கள். அந்த போன்தான் பெரிய விஷயம். டெஸ்ட் நடத்திய வெளி நிறுவனமோ, குரூப்பில் இருந்த யாரோ கூட நம்பரைக் கொடுத்திருக்கலாம். அதனால் குற்றம் சாட்டி எழுதாதீர்கள், கேள்வி கேட்டு எழுதுங்கள்: என்னென்ன பதிவு செய்தீர்கள், எந்த ஆப்பில் ஏற்றினீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள், எப்போது அழிப்பீர்கள்? கூடவே, வெளியே பகிர்வதற்கான சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குச் சட்ட பலம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளில் உடல்நிலை, மருத்துவ விவரங்கள் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல்கள். முன் அனுமதியோ ஒப்பந்தமோ இல்லாமல் பொதுவாக அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. எழுத்தில் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அறக்கட்டளை நடத்தும் பள்ளி, 'இது எங்களுக்குப் பொருந்தாது' என்று வாதாடிப் பார்க்கலாம். டெஸ்ட் நடத்திய கம்பெனி அப்படி நழுவ முடியாது. அதன் குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆகவே கடிதம் இரண்டு இடத்துக்கும் போகட்டும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறார். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும், பிள்ளைகளைக் குறிவைத்த விளம்பரம் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பள்ளிகளுக்குச் சில சலுகைகள் உண்டு, ஆனால் கல்விக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் மட்டுமே. சிக்கல் என்னவென்றால், விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். அதுவரை 2011 விதிகள்தான் கைகொடுக்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பையும் கடிதத்தில் குறிப்பிடலாம். வழக்குத் தொடுத்த புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி, உங்கள் ஊர்க்காரர். ஆனால் தனியார் பள்ளியிடம் அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை நடக்காது.

அப்புறம், அந்த மையத்திலிருந்து மறுபடி போன் வந்தால் உடனே கட் செய்யாதீர்கள். நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டு, தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.