முதல் ஒரு மணி நேரம் அம்மாவின் மார்பில்

*எனக்கு ஒன்பதாம் மாதம். குழந்தை பிறந்ததும் அப்படியே மார்பில் போடுவார்களாமே? குளிப்பாட்டாமல், எடை பார்க்காமலா? எவ்வளவு நேரம்?*
வாசகி, திருச்சி

ஆமாம், அப்படியேதான். குறைந்தது ஒரு மணி நேரம், நடுவில் தூக்காமல்.

குழந்தை பனிக்குட நீரில் நனைந்து வருகிறது. அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோய்விடும். அதனால் வயிற்றின் மேல் வைத்ததுமே தலை, முதுகு, கை கால் இடுக்கு என்று உலர்ந்த துணியால் துடைத்து, அந்த ஈரத்துணியை எடுத்துவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: துடைத்த துணியாலேயே போர்த்திவிடுகிறார்கள். குழந்தை சில்லிட்டுப் போகும். வேறு துணியால் முதுகைப் போர்த்தி, தலைக்குக் குல்லா போடுங்கள். உங்கள் உடம்புக்கும் குழந்தைக்கும் நடுவில் துணியே கூடாது. முன்பக்கம் திறக்கும் நைட்டி வசதி. அறை 25 டிகிரிக்குக் கீழே போகாமல் ஏ.சி.யையும் மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லுங்கள். தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்து வெட்டினால் போதும். அதுவரை நச்சுக்கொடியிலிருந்து இரத்தம் குழந்தைக்கு வந்துகொண்டிருக்கும்.

தோலில் வெண்ணெய்போல் ஒட்டியிருப்பதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். உள்ளங்கைகளையும் விரல்களையும் துடைக்க வேண்டாம். விரல்களில் இருக்கும் பனிக்குட நீரின் வாசனை, குழந்தை மார்பைத் தேடிப் போக உதவும். முதலில் அழும், பிறகு அடங்கிக் கிடக்கும், கண் திறக்கும், கையை வாயில் வைக்கும், காலால் உந்தி மெல்ல மேலே நகரும், காம்பை நக்கும், கடைசியில்தான் கவ்விக் குடிக்கும். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பத்தாவது நிமிடத்திலேயே தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினால் குழந்தை நாக்கை மேலே தூக்கிக்கொண்டு வீறிடும். அப்புறம் சீம்பால் குடிக்க வைப்பது பெரும்பாடு. குழந்தை சப்பும்போது உங்களுக்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை சுருங்கும்; இரத்தப்போக்கு மட்டுப்படும்.

எடை, வைட்டமின் கே ஊசி எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. குளியல் 24 மணி நேரம் கழித்து. குழந்தை மூச்சுவிடத் திணறினாலோ, உங்களுக்கு இரத்தப்போக்கு மிகுந்தாலோ மட்டும் சிகிச்சைதான் முதலில்.

*கவிழ்த்துப் போட்டால் மூச்சு முட்டாதா?*
வாசகி, காரைக்குடி

நியாயமான பயம். சரியாகப் படுக்க வைக்காவிட்டால் முட்டும். தாய் மட்டமாகப் படுக்காமல் சாய்ந்திருக்க வேண்டும். குழந்தையின் முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழுத்து மடங்கக் கூடாது. போர்வை தோளோடு நிற்கட்டும். களைப்பில் தாய் கண்ணயர்வது இயல்பு. ஆகவே கூட ஒருவர் உட்கார்ந்து மூச்சையும் உதட்டின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கைபேசியை அல்ல. நிறம் மங்கினால், உடம்பு துவண்டால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

*மனைவிக்கு சிசேரியனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இதெல்லாம் நடக்குமா?*
வாசகர், மதுரை

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் தாய் விழித்திருப்பார், நடக்கும். முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். ஈ.சி.ஜி. ஒட்டுகளை மார்பின் நடுவில் வைக்காமல் தோள் பக்கம் தள்ளி ஒட்டலாம், அறுவை அங்கியின் முடிச்சை முன்பக்கம் வைக்கலாம். வயிற்றில் வேலை நடப்பதால் குழந்தையை மார்பின் குறுக்காகப் படுக்க வைத்து, தலைமாட்டில் ஒரு நர்ஸ் பிடித்துக்கொள்வார். முழு மயக்கம் என்றால், சட்டையைக் கழற்றிவிட்டு நீங்கள் மார்பில் வைத்துக்கொள்ளுங்கள். மனைவி தெளிந்ததும் அவரிடம் கொடுங்கள்.

*சேனை வைக்க வேண்டும் என்கிறார் மாமியார்.*
வாசகி, பெரம்பலூர்

வேண்டாம். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கிருமியைக் கொண்டுவரும், பசியையும் அடக்கிவிடும். பெரியவர் ஆசைக்குக் குழந்தைக்கு முதன்முதலாகச் சட்டை போட்டுவிடும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

*பேத்தி 1.6 கிலோதான். இன்குபேட்டர் இருக்கும்போது எதற்கு மார்பில் கட்டச் சொல்கிறார்கள்?*
வாசகி, நாகர்கோவில்

இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. இன்று அது வசதியில்லாதவர்களின் மாற்றுவழி அல்ல. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்ததுமே இதைத் தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12. உடல்நிலை சீரான பிறகு தொடங்கிய பிரிவில் 15.7. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வைத்திருக்கப் பரிந்துரைத்தது.

பேத்திக்குக் குல்லா, காலுறை, நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தவளைபோல் கால் மடக்கி வைத்துத் துணியால் கட்ட வேண்டும்; துணியின் மேல்விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். வயிற்றுப் பக்கம் இறுக்கினால் குழந்தைக்கு மூச்சுவிடக் கஷ்டம். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறைய எடுக்காதீர்கள். உங்கள் மகள் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் நீங்களே கட்டிக்கொள்ளலாம். அவ்வப்போது பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள்.