வீடியோவில் மினுக்கும் பின்விளக்கு: டீகோடர் வாங்கலாமா?

கேள்வி: புது கார் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. செல்போனில் வீடியோ எடுத்தால் பின்பக்க எல்இடி விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. நேரில் பார்த்தால் சரியாக இருக்கிறது. ஆக்சஸரீஸ் கடையில் ‘கேன்பஸ் டீகோடர்’ போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். விளக்கில் கோளாறு இல்லை.

எல்இடியின் வெளிச்சத்தைக் குறைக்க, அதை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்துப் போடுவதுதான் வழக்கம். அந்த வேகம் நம் கண்ணுக்குப் பிடிபடாது. கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது. நல்ல வெயிலில் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் 1/1000 நொடிகூடத் திறப்பதில்லை. அந்த நேரத்தில் விளக்கு அணைந்திருந்தால் படத்திலும் அணைந்தேதான் இருக்கும். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் படம் எடுங்கள். முழு வெளிச்சத்தில் அணைத்துப் போடும் வேலை இல்லாததால், பல கார்களில் மினுக்கல் நின்றுவிடும். போனில் ஷட்டரை 1/50 என வைத்தாலும் குறையும்.

அந்த டீகோடர் எதற்கு? பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினால் மின்சாரம் குறைவாகப் போகும். பல்பு ஃபியூஸ் போய்விட்டதென்று காரின் கம்ப்யூட்டர் எச்சரிக்கும். அதை ஏமாற்றத்தான் இந்தப் பெட்டி. பலவற்றில் உள்ளே இருப்பது, கூடுதலாக மின்சாரம் இழுக்கும் ஒரு ரெசிஸ்டர், நன்றாகச் சூடாகும். கம்பெனியே பொருத்திய எல்இடிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. கடைக்காரர் வயரை வெட்டி ஒட்டுவார். நாளைக்கு நிஜமாகவே விளக்கு போனால், ‘வெளியாளை விட்டு வயரில் கை வைத்திருக்கிறீர்கள்’ என்று வாரண்டியை மறுப்பார்கள். இவ்வகை விளக்குகளில் பெரும்பாலும் எல்இடியை மட்டும் மாற்றவும் வழியில்லை, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும். செலவு உங்கள் தலையில்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் ‘இது நார்மல் சார்’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடம் விளக்கினால் என்ன குறைந்துவிடும்? கையேட்டில் ஒரு வரி அச்சடித்திருந்தால் இந்த டீகோடர் வியாபாரமே பாதி படுத்திருக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் கண்ணுக்கே மினுக்கல் தெரிந்தால் விஷயம் வேறு. இன்ஜினை அணைத்தும் ஓடவிட்டும் பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போது அதிகமாகிறதா, ஒரு பக்கம் மட்டுமா, மழைக்குப் பிறகு வந்ததா என்றும் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் எர்த் வயர் தளர்ந்திருக்கும், அல்லது கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். அப்போதும் ஆக்சஸரீஸ் கடைக்குப் போகாதீர்கள். சர்வீஸ் சென்டருக்கே போய், வாய்ப்பேச்சாக விடாமல் ஜாப் கார்டில் புகாரை எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.