மகள் கார் ஓட்டப் பயப்படுகிறாள். பொறுமையான டிரைவிங் மாஸ்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. பதின்ம வயது மகள் முதல் வகுப்பிலேயே மிரண்டுபோய், இனி வரமாட்டேன் என்கிறாள். பொறுமையான மாஸ்டரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் நாமே சொல்லிக்கொடுத்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாஸ்டர் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார் என்று பார்க்காதீர்கள். எப்போது பேசுகிறார் என்று பாருங்கள். ஒரு வகுப்பில் பின் சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தாலே விளங்கிவிடும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் தாண்டிவிடும். திருப்பம் 60 மீட்டர் தொலைவில் இருக்கும்போதே "அடுத்த தெருவில் இடது பக்கம்" என்று சொன்னால் பிள்ளைக்கு ஐந்து நொடிக்கு மேல் கிடைக்கிறது. கண்ணாடியைப் பார்க்க வேண்டும், இண்டிகேட்டர் போட வேண்டும், பிரேக்கில் வேகத்தைக் குறைக்க வேண்டும், கிளட்ச் மிதித்து கியர் இறக்க வேண்டும், குறுக்கே யாராவது நடக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். புதிதாகக் கற்பவளுக்கு ஐந்து நொடியே நெருக்கடி. அதே வார்த்தையை 20 மீட்டரில் சொன்னால் இரண்டு நொடிகூட இல்லை. அவள் பதறி பிரேக்கை ஓங்கி மிதிப்பாள், அல்லது மூன்றாவது கியரிலேயே திருப்பப் பார்ப்பாள். உடனே மாஸ்டர் கத்துவார். அவள் மந்தமாக இருக்கிறாள் என்று அவர் நினைக்கிறார். தாமதமாகச் சொன்னது அவர்.

நான் பார்த்தவரை சிடுசிடுக்கும் மாஸ்டர்களில் பெரும்பாலோர் கோபக்காரர்கள் இல்லை, பயந்தவர்கள். ரோட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று முன்னாலேயே பார்த்து வைத்திருப்பவருக்குக் கத்த வேண்டிய அவசியமே வராது. அதனால் இந்தத் தொழிலில் பொறுமை பிறவிக்குணம் என்று நான் நம்புவதில்லை. பாதிக்கு மேல் முன்யோசனை, மிச்சம் பழக்கம்.

"ரெண்டு வார்த்தை திட்டினால்தான் மண்டையில் ஏறும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1908-இல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இருவர் சுண்டெலிகளுக்கு வெவ்வேறு அளவில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். சுலபமான வேலை என்றால் அதிர்ச்சி பலமாக இருந்தபோது எலிகள் சீக்கிரம் கற்றன. வேலை கடினமானபோது பலமான அதிர்ச்சி காரியத்தைக் கெடுத்தது. மிதமான அதிர்ச்சிதான் உதவியது. எலியும் மனிதனும் ஒன்றில்லை, சரி. ஆனால் கார் ஓட்டுவது முதல் வாரத்தில் எந்த வகை வேலை என்று கிளட்சில் கால் வைத்து நடுங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நமக்கு கியர் மாற்றுவது கை தானாகச் செய்யும் வேலை. அவளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி யோசனை. ஃபிட்ஸ், போஸ்னர் இருவரும் 1967-இல் திறன்களைக் கற்பதை மூன்று படியாகப் பிரித்து எழுதினார்கள்: யோசித்துச் செய்வது, பழகிச் செய்வது, தானாக வருவது. உங்கள் மகள் முதல் படியில் நிற்கிறாள். மூன்றாம் படியில் இருந்துகொண்டு "இதுகூடத் தெரியாதா" என்று கேட்பவர் தான் ஏறி வந்த படிகளை மறந்துவிட்டார். கண் விஷயமும் அப்படித்தான். மௌரன்ட், ராக்வெல் என்ற ஆய்வாளர்கள் 1972-இல் புதியவர்களின் பார்வையை அளந்து பார்த்தபோது, அவர்கள் வண்டிக்கு மிக அருகிலேயே பார்க்கிறார்கள், கண்ணாடிகளைக் குறைவாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பானெட்டுக்கு முன்னால் உள்ள ரோட்டையே வெறித்தால் வண்டி பாம்பாய் நெளியத்தான் செய்யும். "ஸ்டியரிங்கை ஆட்டாதே" என்று பத்துத் தடவை சொல்வதால் பயனில்லை. "அந்தத் தெருமுனை கம்பத்தைப் பாரு" என்று ஒரு தடவை சொன்னால் கை தானாக நிதானமாகும்.

வண்டி ஆஃப் ஆகும் கட்டத்துக்கு வருகிறேன். ஒரு மாஸ்டரைப் பற்றி அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் ஏன் ஆஃப் ஆகிறது? வண்டி நிற்க எஞ்சின் மட்டும் சும்மா ஓடும்போது அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரம் அசையாமல் நிற்கும். கிளட்சை மெதுவாக விட்டால் உராய்வுத் தட்டு வழுக்கி வழுக்கி இரண்டையும் சேர்த்துவைக்கும். படக்கென்று விட்டால் நிற்கும் சக்கரத்தின் பாரம் முழுவதும் ஒரே நொடியில் எஞ்சின் மேல் விழும். சுற்று தாங்க முடியாத அளவுக்கு இறங்கி அது நின்றுவிடும். வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் "வண்டியைக் கெடுத்துவிட்டேனோ" என்ற பயம் போய்விடும். அந்தப் பயத்தைப் பிள்ளைகள் வெளியே சொல்வதில்லை, ஆனால் நிறைய பேருக்கு இருக்கிறது.

சமதளமான காலி மைதானத்தில், ஆக்ஸிலரேட்டரைத் தொடவே விடாமல், கிளட்சை மட்டும் வைத்து வண்டியை ஊர வைப்பதில்தான் நான் தொடங்குவேன். அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"மாஸ்டர், மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு."

"ஆகட்டும்மா. கால் என்ன பண்ணுச்சு, அதை மட்டும் சொல்லு."

"படக்குன்னு எடுத்துட்டேன்."

"தெரிஞ்சிருக்குல்ல, அதுவே போதும். கிளட்சை மிதி, நியூட்ரல் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு. ஃபர்ஸ்ட் கியர். இப்போ எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்குற வரைக்கும் மட்டும் காலைத் தூக்கு. சத்தம் மாறுனதும் அங்கயே நிறுத்திக்கோ."

ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச் பாதி பிடிக்கும் நிலை, வந்ததும் சத்தம் தாழும், ஸ்டியரிங்கில் மெல்லிய அதிர்வு வரும், வண்டியின் மூக்கு கொஞ்சம் தூக்கும். அந்த இடத்தில் காலை அசைக்காமல் பிடித்தால் வண்டி தானே ஊரத் தொடங்கும். திரும்பவும் மிதித்து நிறுத்தச் சொல்வேன். மறுபடியும் ஊர விடச் சொல்வேன். பார்க்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும். கற்பவளுக்கு அந்த ஊர்தலில்தான் "இது நான் சொன்னபடி கேட்கிறது" என்ற நினைப்பு வருகிறது.

இந்த இடத்தில் மோசமான மாஸ்டர் என்ன செய்வார்? பெருமூச்சு விடுவார். கையை நீட்டித் தானே சாவியைத் திருப்புவார். சிக்னலில் பின்னால் ஹாரன் அடித்தால் அவரும் சேர்ந்து அவசரப்படுத்துவார். என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த மாஸ்டர் ஹாரன் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "பின்னால இருக்கிறவருக்கும் பிரேக் இருக்கும்மா. நம்ம வேலையை நாம பார்ப்போம்" என்பார். அதன் பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கால் நடுங்கி நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பொறுமை என்ற பெயரில் இன்னொரு வகை ஆட்கள் இருக்கிறார்கள், என்னைக் கேட்டால் அவர்கள்தான் இன்னும் ஆபத்து. பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கத்திலும் பிரேக், பெரும்பாலும் கிளட்சும் இருக்கும். இவர்கள் சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டே, கீழே தங்கள் காலால் வண்டியை ஓட்டுவார்கள். கிளட்சை அவர்கள் தாங்கிப்பிடிப்பதால் வண்டி ஆஃப் ஆகாது, பிரேக்கை அவர்கள் தொடுவதால் குலுங்காது. பிள்ளை சந்தோஷமாக வீடு திரும்பும். பிறகு வீட்டு வண்டியில் உட்கார்ந்ததும் வண்டி முதல் கியரிலேயே குதிக்கும்; பிள்ளைக்குத் தன் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விடும். ஆகவே வகுப்பு முடிந்ததும் மகளிடம், "மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கைப் போட்டாரா? போட்டபோது உன்னிடம் சொன்னாரா?" என்று கேளுங்கள். நல்ல மாஸ்டர் போடுவார், போட்டதை உடனே சொல்வார், ஓரமாக நிறுத்திய பிறகு ஏன் என்றும் சொல்வார். ஓடும்போதே விளக்கவுரை நடத்த மாட்டார். சொல்வதும் ஒரே ஒரு தவறாகத்தான் இருக்கும்; ஐந்தைக் கண்டிருந்தாலும் நான்கை விழுங்கிவிடுவார்.

பெரியவர்களின் பயத்துக்கும் இந்த வயதுப் பயத்துக்கும் வித்தியாசம் உண்டு. நாற்பது வயதுக்காரர் "எனக்குப் பயமா இருக்கு, மெதுவா போங்க" என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வயதுக்காரருக்கு விபத்தைவிட மானம் போவதுதான் பெரிய பயம். தெரியாததையும் தெரியும் என்பார்கள், காரணமில்லாமல் சிரிப்பார்கள், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வார்கள். தோள் காதுவரை ஏறியிருக்கும், விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். சில பையன்கள் பயத்தை மறைக்கவே வேகமாக ஓட்டுவார்கள். அவர்களைத் தைரியசாலி என்று நினைத்து மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போவதைப் போல முட்டாள்தனம் கிடையாது. இந்த அடையாளங்களைக் கண்டதும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு நிமிடம் வேறு எதையாவது பேசத் தெரிந்தவராக மாஸ்டர் இருக்க வேண்டும்.

அதே காரணத்துக்காகத் தோழிகளையோ தம்பியையோ பின் சீட்டில் ஏற்றி அனுப்பாதீர்கள். சம வயதுக்காரர்கள் வண்டியில் இருந்தால் இளம் ஓட்டுநர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட விஷயம். நியூசிலாந்து 1987-இல் கொண்டுவந்த படிப்படியான உரிமத் திட்டத்தில், புதியவர்கள் இரவில் தனியாக ஓட்டுவதற்கும் மற்றவர்களை ஏற்றிச் செல்வதற்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். பிறகு பல நாடுகள் அதே வழியில் போயின.

இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். கியர் போடச் சொல்லித்தருகிறேன் என்று பிள்ளையின் கை மேல் கை வைப்பது தேவையே இல்லை. வண்டி நிற்கும்போது மாஸ்டர் போட்டுக் காட்டலாம், பிறகு அவளே போடலாம். அவசரத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டி வந்தால் அது வேறு. மகள் "எனக்கு அவர் வேண்டாம்" என்று சொன்னால் காரணம் கேட்டுக் குடையாமல் ஆளை மாற்றுங்கள்.

முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடம் சீட்டைச் சரிசெய்வதில் போகிறதா என்றும் கவனியுங்கள். கிளட்சை முழுவதும் மிதித்தபோது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். முதுகு சீட்டில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு சீட்டை உயர்த்தாவிட்டால் டாஷ்போர்டுதான் தெரியும், ரோடு தெரியாது. பயம் என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு வெறும் சீட் கோளாறு.

ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். பேட்லி, லாங்மன் இருவரும் 1978-இல் தபால் ஊழியர்கள் தட்டச்சு கற்றதை ஆராய்ந்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் கற்றவர்களுக்கே மொத்தத்தில் குறைந்த மணி நேரம் தேவைப்பட்டது. நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு அதிகம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் திருப்தி குறைவு, நாள் கணக்கில் இழுத்ததால். உங்கள் மகளும் "இவ்வளவு நாளா" என்று சலித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கற்றால் பயம் குறையுமா? கிளட்ச் பயம் போகும். ரோட்டுப் பயம் அப்படியே இருக்கும். உரிமம் அந்த வகைக்கு மட்டும்தான் கிடைக்குமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்களே சொல்லிக்கொடுப்பது. தொடக்கத்தில் வேண்டாம். உங்கள் பக்கத்தில் பிரேக் கிடையாது. மகள் கொஞ்சம் வேகமாகப் போனால் உங்கள் வலது கால் தரை விரிப்பை ஓங்கி மிதிக்கும், கை மேலே உள்ள பிடியைப் பற்றும். நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் அவள் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிடுவாள். மாஸ்டரிடம் அடிப்படை வந்த பிறகு, வகுப்புகளுக்கு நடுவில் பழக்கிவிட நீங்கள் தேவை. கற்பவரோடு யார் உட்காரலாம், வண்டியில் என்ன அடையாளம் ஒட்ட வேண்டும் என்ற சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மாஸ்டர் எந்த வார்த்தையில் சொல்கிறார் என்று மகளிடமே கேட்டு அதே வார்த்தையைப் பயன்படுத்துங்கள். அவர் "ஓரம் கட்டு" என்று பழக்கியிருக்க, நீங்கள் "நிறுத்து நிறுத்து" என்று கத்தினால் நடு ரோட்டிலேயே நிறுத்திவிடுவாள். சொன்னதைத்தானே செய்தாள் என்பதால் நீங்கள் கோபித்துக்கொள்ளவும் முடியாது.