எக்செல் கேள்வி-பதில்: ஷிப்ட் நேரக் கணக்கு

(ஃபார்முலாக்களை இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாட் என்பது எம், ஓ, டி.)

கேள்வி: பி பத்தியில் ஊழியர் வந்த நேரம், சி-யில் போன நேரம். பகல் ஷிப்டுக்கு =சி2-பி2 சரியாக வருகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை என்றால் கட்டம் முழுக்க ####. பத்தியை அகலப்படுத்தியும் போகவில்லை.

பதில்: அகலத்தில் குறையில்லை. எக்செலுக்கு ஒரு நாள் என்பது 1. நேரம் அதன் பின்னம். 22:00 என்பது 0.9167, 6:00 என்பது 0.25. கழித்தால் மைனஸ் 0.6667. மைனஸ் நேரத்தைக் காட்ட முடியாமல்தான் #### போடுகிறது.

=மாட்(சி2-பி2,1) என்று மாற்றுங்கள். விடை மைனஸில் போனால் ஒரு நாளைக் கூட்டி 0.3333, அதாவது 8:00 தரும். பகல் ஷிப்டின் விடை மாறாது. இடைவேளையை டி-யில் 0:30 என்று போட்டு, கடைசியில் -டி2 சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த மாட் ஒரு விஷயத்தில் பொல்லாதது. 9:00 மணிக்கு வந்தவர் போன நேரத்தைப் பதியாமல் விட்டால், காலிக் கட்டத்தை நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு 15:00 மணி நேரம் வேலை பார்த்ததாகக் காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. சம்பளம் போட்ட பிறகுதான் தெரியும். அதனால் ஈ2-வில் இப்படி எழுதுங்கள்:

=இஃப்(கவுன்ட்(பி2:சி2)<2,"",மாட்(சி2-பி2,1)-டி2)

இரண்டு நேரமும் இருந்தால்தான் கணக்குப் போடும். முழு 24 மணி நேர ஷிப்டுக்கு மாட் 0 என்றே சொல்லும். அங்கே தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் போட்டு, நேராகக் கழிப்பதே வழி.

கேள்வி: ஐந்து நாள், நாளுக்கு 8:30. கூட்டினால் 18:30 வருகிறதே?

பதில்: கூட்டல் சரிதான். 24 மணியைத் தாண்டியதும் கடிகாரம்போல் மறுபடி சுழியத்திலிருந்து காட்டுகிறது. கட்டத்தின் ஃபார்மெட்டில் கஸ்டம் போய் [எச்]:எம்எம் கொடுங்கள், 42:30 தெரியும். சதுர அடைப்பு முக்கியம்.

கூலி கணக்கிடும்போது 24-ஆல் பெருக்க மறக்காதீர்கள். மணிக்கு 100 என்றால் 42:30-க்கு 4,250 வரவேண்டும்; பெருக்காவிட்டால் 177.08 வரும். மிகை நேரத்துக்கு =மேக்ஸ்(0,ரவுண்ட்(என்(ஈ2)*24,2)-8). பின்னத்தின் வாலில் ஒட்டும் துணுக்கை ரவுண்ட் வெட்டிவிடும்; ஈ2 காலியாகத் தெரிந்தால் 'என்' என்ற ஃபங்ஷன் (ஆங்கில எழுத்து என்) அதை 0 ஆக்கும்.

கேள்வி: ஒருவருக்கு மட்டும் 9.30 முதல் 18.00 வரை 16:48 மணி நேரம் என்கிறது.

பதில்: புள்ளிதான் வில்லன். நாம் கையால் 9.30 என்று எழுதிப் பழகியவர்கள். எக்செல் அதை 9.3 நாள் என்று படிக்கிறது. 18-லிருந்து 9.3 போனால் 8.7, மாட் அதில் 0.7-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். அதுதான் 16:48.

பி, சி பத்திகளைத் தேர்ந்து, டேட்டா வேலிடேஷனில் டைம், 0:00 முதல் 23:59 வரை என்று வைத்துவிட்டால் இனி 9.30 போன்ற பதிவு உள்ளே நுழையாது. ஏற்கெனவே புள்ளியோடு பதிந்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி திறந்து, அதற்கு நேர ஃபார்மெட் கொடுத்து இதைப் போடுங்கள்:

=இன்ட்(பி2)/24+ரவுண்ட்(மாட்(பி2,1)*100,0)/1440

9.3 இப்போது 9:30 ஆகும். அதை நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுத்து பி-யிலேயே ஒட்டிவிடலாம். சி-க்கும் இதே வேலைதான்.