வாசகர் கேள்வி – பதில்: காரில் ஃபோனுக்கு எந்தச் சார்ஜர்?

கேள்வி: நான் வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் கொழும்பு நகருக்குள்ளும் நாள் முழுவதும் ஓட்டம் இருப்பதால், வழிகாட்டும் வரைபடம் எந்நேரமும் ஃபோனில் திறந்தே இருக்கும். புறக்கோட்டையில் நடைபாதைக் கடையொன்றில் 450 ரூபாய்க்கு வாங்கிய சார்ஜர், கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. அதைச் செருகினால் வானொலியும் இரைகிறது. வேறொரு கடையில் 3,500 ரூபாய் சொல்கிறார்கள். அவ்வளவு கொடுக்காமல் பாதுகாப்பான ஒன்றை வாங்க வழியில்லையா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன், கையில் இருக்கும் சார்ஜரை இன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் சூடும் இரைச்சலும், பெரும்பாலும், உள்ளே செய்யப்பட்ட ஒரே சிக்கனத்தின் இரண்டு அடையாளங்கள்.

காரின் பற்றரியை 12 வோல்ற்று என்று சொன்னாலும், எஞ்சின் ஓடும்போது சொக்கெற்றில் 14 வோல்ற்று வரை இருக்கும். சாதாரண யூஎஸ்பி துவாரத்தில் ஃபோனுக்குக் கிடைக்க வேண்டியது 5 வோல்ற்று. இடையில் நிற்பது, மின்சாரத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை நிறுத்தியும் விட்டும் குறைக்கின்ற ஒரு சிறிய சுற்று; இதுதான் மாற்றி. அந்தத் துடிப்பைச் சமப்படுத்துவதற்குச் கம்பிச் சுருளும் கொள்ளளவிகளும் (கப்பாசிற்றர்) வேண்டும். விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது அவற்றில்தான். சமப்படாத துடிப்பு வயர் வழியாகவும் காற்று வழியாகவும் கசிந்து வானொலியில் இரைச்சலாகக் கேட்கிறது. தரங்குறைந்த மாற்றியில் வீணாகும் சக்தியோ சூடாக வெளிவருகிறது. எனக்குப் பெரிய கவலை இவ்விரண்டும் அல்ல: பாதுகாப்புச் சுற்று இல்லாத சார்ஜரில் அந்த மாற்றி பழுதாகி உள்ளே ‘ஷோர்ட்’ ஆகிவிட்டால், 14 வோல்ற்றும் நேரே ஃபோனுக்குள் போய்விடக்கூடும்.

“காரில் பியூஸ் இருக்கிறதே” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொக்கெற்றுக்கான பியூஸ் பல கார்களில் 10 அல்லது 15 அம்பியர். 10 அம்பியர் என்றாலே 12 வோல்ற்றில் 120 வாற்று. ஒரு பிளாஸ்ரிக் சார்ஜர் உருகுவதற்கு அதில் சிறு பங்கே போதும். அந்தப் பியூஸ் காரின் வயரைக் காப்பதற்கு வைக்கப்பட்டது, சார்ஜரைக் காப்பதற்கு அல்ல. இதை நான் கற்றுக்கொண்டது என் காரிலேயே, ஒரு மலிவுச் சார்ஜரின் நுனி உருகிச் சொக்கெற்றோடு ஒட்டிக்கொண்ட நாளில். சார்ஜரின் பக்கவாட்டுத் தகடுகள் தளர்ந்து தொடுகை சரியாகப் பிடிக்காமல் இருந்ததுதான் காரணம். காரின் பியூஸ் கடைசிவரை எரியவேயில்லை. ஆகவே, நுனியைத் திருகித் திறந்தால் தனக்கென்று ஒரு சிறிய கண்ணாடிப் பியூஸ் இருக்கும் சார்ஜர், அல்லது மிகைமின்னோட்டப் பாதுகாப்பு உண்டென்று தெளிவாக அச்சிட்ட சார்ஜர் நல்லது. செருகிய பின் ஆட்டிப் பாருங்கள்; ஆடினால் வேண்டாம்.

விலை விடயத்துக்கு வருகிறேன். 3,500 ரூபாயில் ஒரு பங்கு உலோக உறைக்கும், நிறம் மாறும் விளக்குக்கும், வோல்ற்றைக் காட்டும் இலக்கத் திரைக்கும் போகலாம். அவை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் ஃபோன் ஏற்குமென்றால், ‘பவர் டெலிவரி’ என்ற வேகச் சார்ஜ் வசதியுள்ள, ஏறக்குறைய 20 வாற்றுத் தரக்கூடிய, ஒரேயொரு ‘டைப் சி’ துவாரம் கொண்ட எளிய சார்ஜர் போதும். 5 வோல்ற்றில் 1 அம்பியர் மட்டும் தரும் சார்ஜரில் கிடைப்பது 5 வாற்றுத்தான். வரைபடமும் வெளிச்சமான திரையும் இணைய இணைப்பும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால், நாள் முழுக்கச் செருகி வைத்தும் பற்றரி ஏறவில்லையே என்று ஓட்டுநர்கள் வருந்துகிறார்கள். “3.1 அம்பியர்” என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது இரண்டு துவாரங்களுக்கும் சேர்த்தா, ஒவ்வொன்றுக்குமா என்று சிறிய எழுத்தில் பாருங்கள். உள்ளீடு 12 முதல் 24 வோல்ற்று வரை என்றிருப்பது, 24 வோல்ற்று லொறி ஓட்டாத உங்களுக்கும் நன்மையே. காரில் வோல்ற்றளவு சட்டென ஏறும் கணங்களைத் தாங்க அதில் இடம் இருக்கும்.

முத்திரைகளில் ‘சீ ஈ’ என்பது, இத்தகைய பொருள்களில் பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே கொடுக்கும் உறுதிமொழி. வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் இலக்கமும் இருந்தால், அது வாகன உபகரணங்களுக்கான அங்கீகார முத்திரை, கூடுதல் மதிப்புள்ளது. ஆனால் எந்த முத்திரையையும் போலியாக அச்சிடலாம் என்பதால், கடையின் பெயருள்ள பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பொருளை மாற்றித் தருவார்களா என்றும் அப்போதே கேளுங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வாங்கிய அன்றே வானொலியை, ஒலி சற்று மங்கலாக வரும் நிலையமொன்றில் வைத்து, சார்ஜரைச் செருகியும் எடுத்தும் கேளுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. இரைந்தால், அல்லது விரலை வைத்திருக்க முடியாவிட்டால், திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: என் ஓட்டோவில் சொக்கெற் இல்லை. பற்றரியில் இருந்து நேரே வயர் எடுத்துச் சார்ஜர் பூட்டலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பூட்டலாம். ஆனால் பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஒரு பியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒருபோதும் பூட்ட வேண்டாம். வயர் எங்காவது உராய்ந்து வண்டியின் உலோக உடலில் தொட்டால் பற்றரியின் முழு வலுவும் அந்த வயரில்தான் பாயும், தீப்பிடிப்பது அப்படித்தான். 18 வாற்றுச் சார்ஜர் 12 வோல்ற்றில் ஏறத்தாழ ஒன்றரை அம்பியர்தான் எடுக்கும் என்பதால் 3 அம்பியர் பியூஸ் போதும். அது எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள், பெரியதைப் போடாதீர்கள். சாவியை எடுத்தால் மின் நிற்கும்படி, இணைப்பைச் சாவியின் வழியாக எடுங்கள். மழை படும் வண்டி என்பதால், மோட்டார் சைக்கிளுக்கென்று மூடியோடு செய்யப்பட்ட சார்ஜரே பொருத்தம்.

கேள்வி: 18 வாற்று ஃபோனுக்கு 45 வாற்றுச் சார்ஜர் போட்டால் பற்றரி கெட்டுவிடும் என்கிறான் என் மகன். உண்மையா?
– வாசகி, தெஹிவளை

பதில்: இல்லை, அம்மா. எவ்வளவு எடுப்பது என்பதை ஃபோனே சார்ஜரிடம் கேட்டு முடிவு செய்கிறது. பற்றரியைக் கெடுப்பது சூடு. பிற்பகல் வெயில் விழும் கண்ணாடிக்குக் கீழே ஃபோனை வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம். ஏசிக் காற்று வரும் துவாரத்தருகே மாட்டி வைத்தால் நல்லது.

கேள்வி: ஒரு மாதம் யாழ்ப்பாணம் போகிறேன். சார்ஜரைக் காரிலேயே செருகி விட்டுப் போகலாமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சாவியை எடுத்ததும் சொக்கெற்றில் மின் நின்றுவிடும் கார் என்றால் கவலையில்லை. நிற்காத கார் என்றால், சார்ஜரின் விளக்கு 20 மில்லி அம்பியர் எடுத்தாலே நாளுக்கு அரை அம்பியர் மணி, மாதத்துக்கு 14 அம்பியர் மணிக்கு மேல். 35 அம்பியர் மணிச் சிறிய பற்றரிக்கு அது பெரிய இழப்பு. கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.