வீட்டை விட்டுப் போனால்தான் நான் நானாக முடியுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பெற்றோருடன் இருக்கிறேன். வயது 27. அப்பாவின் ஹார்ட்வேர் கடை எனக்குத்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதும் அப்படித்தான். எனக்கு ஆசிரியராக ஆசை, வீட்டில் சொன்னதில்லை. யாராவது கடையைப் பற்றிக் கேட்டால் "உம்" என்றுவிட்டு, ராத்திரி நண்பனிடம் புலம்புகிறேன். கேப் டவுனுக்குப் போய்விட்டால் தனி மனிதனாகிவிடுவேனா?

பதில்: தம்பி, கேப் டவுன் போவதில் தப்பே இல்லை. ஆனால் ஆசிரியராவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லையே! குடும்ப உறவுகளை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் (1913–1990), உறவை அறுத்துக்கொண்டு ஓடுகிறவரும் வீட்டின் பிடியில்தான் இருக்கிறார் என்றார். அங்கே போயும் அப்பாவின் போன் வந்தால் வயிறு கலங்குமென்றால் என்ன மாறியது? வீட்டாரோடு ஒட்டி இருந்துகொண்டே, "இது என் முடிவு" என்று பதறாமல் சொல்ல முடிவதைத்தான் அவர் வளர்ச்சியாகப் பார்த்தார். அப்பா சொல்வதற்கெல்லாம் தலையாட்டினாலும், வேண்டுமென்றே நேர்மாறாகச் செய்தாலும், முடிவெடுப்பது அவர்தான்.

அந்த "உம்"மை முதலில் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மாமா கேட்டால், "இன்னும் முடிவு செய்யல மாமா" என்று சொன்னால் போதும்.

கடையையும் காவடியையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். விரத நாட்களில் மனம் நிறைகிறதா? அப்படியென்றால் அப்பாவிடமிருந்து வந்ததானாலும் காவடி உங்களுடையதுதான். அடுத்த வருஷமும் எடுங்கள்.

அப்பாவின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து, 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடிழந்த இந்தியர்களை 1960-களில் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றினார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்குச் சொந்தக் கடை வெறும் வியாபாரம் இல்லை. மகன் வேண்டாமென்றால், தன்னையே வேண்டாமென்ற மாதிரி வலிக்கும். அதனால் கடையைக் குறை சொல்லாமல், ஆசிரியர் ஆசையை மட்டும் சொல்லுங்கள்.

கடை சாத்தி அவர் கணக்குப் பார்க்கும் நேரத்தில், தனியாகப் பேசுங்கள். அவர் கத்தலாம், சில வாரம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். கஷ்டமான கட்டம் அதுதான். சமாதானத்துக்காகச் சொன்னதை மாற்றிக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டு வெளியே சாப்பிடவும் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிடுங்கள். அதற்கு அப்புறமும் கேப் டவுன் பிடித்திருந்தால், தாராளமாக விண்ணப்பம் போடுங்கள்.