நாகர்கோவிலில் திரைப்படக் கழகத் திரையிடல்களுக்குப் போவதால் என்ன பயன்?

கேள்வி கேட்டவர் கல்லூரி மாணவர். வரும் மாதங்களில் நாகர்கோவிலில் ஒரு திரைப்படக் கழகம் சுயாதீனப் படங்களையும் உள்ளூர்க் குறும்படங்களையும் திரையிடப் போவதாகக் கேள்விப்பட்டு, எல்லாமே கைப்பேசியில் கிடைக்கும்போது அங்கே எதற்குப் போக வேண்டும், போவதானால் எதைத் தவறவிடக்கூடாது என்று கேட்டிருக்கிறார். அந்தக் கழகத்தில் நானும் ஓர் உறுப்பினன். ஆகவே என் பதிலில் சற்றுச் சார்பு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

முதலில், எல்லாம் கைப்பேசியில் கிடைப்பதில்லை. உள்ளூர் இளைஞர்கள் எடுக்கும் குறும்படங்களில் பல, விழாக்களுக்கு அனுப்பப்பட்டு முடிவுக்காகக் காத்திருப்பதால் யூடியூபில் ஏற்றப்படுவதே இல்லை. கிடைக்கும் படங்களின் கதை வேறு. எங்கள் பட்டியலில் உள்ள ‘கூழாங்கல்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய இப்படம் 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் உயரிய பரிசான டைகர் விருதைப் பெற்றது. அந்த ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் இதுதான். அப்படியிருந்தும் திரையரங்குகளுக்கு வராமல், 2023-இல் நேரடியாக இணையத்தில்தான் வெளியானது. குடிகாரத் தந்தையும் அவருடைய சிறு மகனும் பொட்டல் வெளியில் நடந்துகொண்டே இருப்பதுதான் படத்தின் பெரும்பகுதி. கைப்பேசியில் அந்த இருவரும் எறும்பளவுதான் தெரிவார்கள்; விரலும் தானாகவே பத்து வினாடி முன்னால் தள்ளிவிடும். சுவரளவுத் திரையில் பார்க்கும்போதுதான் அந்த நிலத்தின் அகலமும், ஊற்றுக்குழியில் நீர் ஊறக் காத்திருக்கும் பெண்ணின் பொறுமையும் பார்ப்பவருக்குப் பிடிபடும்.

ஆனாலும் ஒரே ஒரு மாலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், விருது பெற்ற படங்களை விட்டுவிட்டு உள்ளூர்க் குறும்படங்கள் திரையிடப்படும் நாளுக்கே வாருங்கள் என்பேன். படங்கள் எல்லாம் தரமாக இருக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சில மிகச் சுமாராகவே இருக்கும். அவற்றைப் பார்க்க வருகிறவர்கள்தான் காரணம். முன்பு ஒருமுறை குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நடக்கும் குறும்படம் ஒன்றைத் திரையிட்டோம். அதில் நாயகன் உச்சி வெயிலில் மரத்துக்கு மரம் போய்ப் பால் வெட்டுகிறான். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், பின்வரிசையில் இருந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் எழுந்து, “தம்பி, வெயில் ஏறினா பால் நின்னு போவும். நாங்க விடியதுக்கு முந்தியே நெத்தியில லைட்டைக் கட்டிட்டுல்லா தோட்டத்துக்குப் போவோம்” என்றார். அதிகாலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதையும், பட்டையில் சரிவாக இடும் வெட்டு வழியே அது எப்படிச் சிரட்டையில் இறங்கும் என்பதையும் கையாலேயே காட்டினார். இருட்டில் படம் பிடிக்கக்கூடிய கேமராவின் வாடகை கட்டுப்படியாகவில்லை அண்ணாச்சி என்றார் இயக்குநர். உடனே வேறொருவர், நெற்றி விளக்கைத் தவிர வேறு வெளிச்சமே இல்லாமல் எடுத்திருந்தால் என்ன என்று கேட்க, பேச்சு படத்தைவிட நீண்டுவிட்டது. விருதுக் குழுக்கள்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பார்களா என்பது ஐயமே.

ஒக்கிப் புயலைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘ஒருத்தரும் வரேல’ ஆவணப்படமும் பட்டியலில் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று அடித்த அந்தப் புயலில் கடலுக்குப் போனவர்களை இழந்த குடும்பங்களைப் பற்றியது என்பதால், இதை நகரத்து அரங்கில் காட்டிவிட்டுக் கலைவதைவிடக் கடற்கரை ஊர் ஒன்றில், தேவாலயப் பங்கு மக்கள் கூடும் மண்டபத்திலேயே காட்ட வேண்டும் என்பது என் கருத்து. கழகத்தில் இதைப்பற்றி இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை.

ஜே. சி. டேனியலைப் பற்றிய உரை ஒன்றும் உண்டு. மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ படத்தை எடுத்த அவர் நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொத்தை விற்று அந்தப் படத்தை எடுத்தவர். அதில் உயர்சாதிப் பெண்ணாக நடித்த தலித் நடிகை பி. கே. ரோசி, அதற்காகவே தாக்கப்பட்டு ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. படச்சுருளும் மிஞ்சவில்லை. டேனியல் 1975-இல் அகஸ்தீஸ்வரத்திலேயே காலமானார். கேரள அரசு வழங்கும் மிக உயரிய திரை விருது இன்று அவர் பெயரில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் அவரை அறிந்த மாணவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தகைய கழகங்கள் நமக்குப் புதியவை அல்ல. சத்யஜித் ராய் தலைமையில் இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு 1959-இல் அமைந்தது. மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா கழகத்தை 1965-இல் தொடங்கினார்கள். டிசம்பர் மாதக் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ரயிலேறிப் போய் வருகிறவர்கள் எங்கள் உறுப்பினர்களில் பலர்.

நுழைவுக்கட்டணம் இல்லையென்றால் செலவும் இல்லை என்று எண்ண வேண்டாம். வீட்டில் பார்ப்பதற்காகக் கட்டும் இணையச் சந்தா, ஊரைக் கூட்டிப் படம் காட்டும் உரிமையைத் தருவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இயக்குநரிடமோ தயாரிப்பாளரிடமோ எழுத்து மூலம் அனுமதி வாங்குகிறோம். கேட்டால் கட்டணமும் கொடுக்கிறோம். வாசலில் வைத்திருக்கும் உண்டியல் அதற்காகத்தான். இன்னொன்று, எங்கள் மண்டபத்தின் மேற்கூரை தகரம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழை வலுத்தால் வசனம் காதில் விழாது என்பதால் தமிழ்ப் படத்துக்கும் எழுத்துவரிகளை ஓடவிடுவோம்.

படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களை இடைவேளை வரை நிற்கவைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை, ஏனென்றால் இடைவேளையே கிடையாது. நேரத்துக்கு வந்துவிடுங்கள். குறும்பட நாளில் மட்டும், ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு வருவது நல்லது.